ஆயிரம் புள்ளிகளும் ஒரு சாட்சியும்

செல்லின் மெல்லிய சீவலொன்றை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் படமெடுத்தால், அதில் கரும்புள்ளிகளாகத் தெரியும் பொன்துகள்கள் எந்த நுண்ணுறுப்பின்மேல் விழுந்திருக்கின்றனவோ அங்கேதான் தேடிய புரதம் இருக்கிறது என்றும், அத்தகைய புள்ளிகள் நூற்றுக்கணக்கில் இருந்தால் முடிவு உறுதிப்படுகிறது, ஆயிரக்கணக்கில் இருந்தால் மறுக்க முடியாததாகிறது என்றும் ஒரு கருத்து செல்லியலில் நெடுங்காலமாக நிலவிவருகிறது. இக்கருத்தின் முதற்பாதி அரைகுறை உண்மை. இரண்டாம் பாதி தவறு. தவறு என்று சொல்வதற்கான காரணங்கள் புதியவை அல்ல. புள்ளியியலாளர்கள் வயல்வெளியிலும் பாறைத்துண்டிலும் வெகுகாலம் முன்பே கண்டறிந்தவை. செல்லின் படம் கண்ணுக்குத் தெளிவாக இருப்பதனாலேயே அவை அங்கே தேவையில்லை என்று கருதப்பட்டுவருகின்றன என்பதுதான் வியப்பு.

பொன்துகள் குறியிடுதல் என்பதன் அடிப்படை எளியது. உடலின் தற்காப்பு மண்டலம் உருவாக்கும் ஆன்டிபாடி என்னும் எதிர்ப்பொருள், தனக்குரிய ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டுமே அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் இயல்புடையது. ஆனால் அது எலெக்ட்ரான் கற்றைக்குத் தெரியாது. ஆகவே அதனுடன் எலெக்ட்ரான்களை வலுவாகச் சிதறடிக்கும் ஏதேனும் ஒன்றை இணைத்தாக வேண்டும். எஸ். ஜே. சிங்கர் 1959-இல் இரும்பு அடங்கிய ஃபெரிட்டின் என்னும் புரதத்தை இவ்வாறு இணைத்தார். மைக்கேல் ஃபாரடே 1857-இல் விரிவாக ஆராய்ந்த கூழ்மப் பொன்னை, அதாவது நீரில் மிதக்கும் நுண்ணிய பொன்துகள்களை, ஃபாக், டெய்லர் என்னும் இருவர் 1971-இல் இதே பணிக்குப் பயன்படுத்தினர். 1970-களின் இறுதியில் யூர்கன் ரோத்தும் அவருடைய கூட்டாளிகளும் ஆன்டிபாடியின் தண்டுப்பகுதியைப் பற்றும் புரோட்டீன்-ஏ என்னும் பாக்டீரியப் புரதத்தைப் பொன்னோடு இணைத்தபின் இம்முறை உலகெங்கும் பரவியது. இன்று 5, 10, 15 நானோமீட்டர் விட்டமுள்ள துகள்கள் ஆயத்தமாகவே கிடைக்கின்றன.

இம்முறையின்மீது ஆய்வாளர்கள் கொண்டிருக்கும் நம்பிக்கைக்கு நியாயமான அடிப்படை உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒளிர்சாயம் பூசிய படத்தில் ஒளி பரவிக் கிடக்கும். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது மங்கலாகவே இருக்கும். பொன்துகளோ தனித்தனியாக நிற்கும், எண்ணத்தக்கது, சுற்றியுள்ள நுண்ணமைப்பும் அதே படத்தில் கூடவே தெரியும். எண்ணத்தக்கதாக இருக்கும் எதுவும் அளவையாகிவிடும் என்ற எண்ணம் இங்கிருந்துதான் பிறக்கிறது. எண்ணிக்கை அளவையாக வேண்டுமானால் எதற்கு எதிரே எண்ணுகிறோம் என்பதும் எண்ணப்பட வேண்டும், இது விடுபட்டுப்போகிறது.

கற்பனையான ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளலாம். ஒரு செல்வகையின் படங்களில் மொத்தம் 400 பொன்துகள்கள்: சைட்டோசால் என்னும் செல்நீர்மத்தில் 200, உட்கருவில் 120, மைட்டோகாண்ட்ரியாவில் 40, லைசோசோமில் 40. படத்தைப் பார்ப்பவரின் கண் செல்நீர்மத்தில்தான் புரதம் மிகுந்திருக்கிறது என்று சொல்லும். ஏனெனில் புள்ளிகளில் பாதி அங்கே இருக்கின்றன. இப்போது அதே படங்களின்மேல் சமதூரப் புள்ளிகளாலான ஒரு சோதனைக் கட்டத்தைக் கண்மூடித்தனமாகப் போட்டு, ஒவ்வொரு பகுதியின்மேலும் எத்தனை கட்டப்புள்ளிகள் விழுகின்றன என்று எண்ணலாம். 200 கட்டப்புள்ளிகளில் 110 செல்நீர்மத்திலும், 70 உட்கருவிலும், 15 மைட்டோகாண்ட்ரியாவிலும், 5 லைசோசோமிலும் விழுந்ததாகக் கொண்டால், பொன்துகள்கள் எந்த விருப்பமும் இன்றிச் சிதறியிருந்தால் முறையே 220, 140, 30, 10 என்று அமைந்திருக்க வேண்டும். கண்டதை எதிர்பார்த்ததால் வகுத்தால் செல்நீர்மத்துக்கு 0.91, உட்கருவுக்கு 0.86, மைட்டோகாண்ட்ரியாவுக்கு 1.33, லைசோசோமுக்கு 4 என்று வருகிறது. கண் முதலிடம் தந்த செல்நீர்மம் உண்மையில் தன் பரப்புக்கு உரியதைவிடக் குறைவாகவே துகள் பெற்றிருக்கிறது; கண் கவனிக்காமல் கடந்துபோன லைசோசோமில் நான்கு மடங்கு குவிந்திருக்கிறது.

இந்த விகிதத்துக்குச் சார்புக் குறியீட்டெண் என்று பெயர் சூட்டி, டெரி மேஹ்யூ, ஜான் லுகாக், கேரத் கிரிஃபித்ஸ் ஆகிய மூவரும் 2002-இல் முறைப்படுத்தினர். இதன் வேர் அதைவிடப் பழையது. பாறையின் வெட்டுமுகத்தில் ஒரு கனிமம் எவ்வளவு பரப்பை அடைக்கிறதோ அதே விகிதத்தில்தான் பாறையின் கனஅளவையும் அடைக்கிறது என்று பிரெஞ்சு நிலவியலாளர் டெலெஸ் 1847-லேயே காட்டிவிட்டார். சீவல் சமவாய்ப்பாக, அதாவது எந்த இடத்துக்கும் முன்னுரிமை தராமல், வெட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. மூவர் முறையில் இரண்டாவதொரு தடையும் உண்டு. கார்ல் பியர்சன் 1900-இல் வகுத்த கை-வர்க்கச் சோதனையில், கண்டதற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வேறுபாட்டை வர்க்கப்படுத்தி எதிர்பார்த்ததால் வகுத்து, எல்லாப் பகுதிகளுக்கும் கூட்டுவர். நம் கணக்கில் அந்தக் கூட்டுத்தொகை ஏறத்தாழ 98. அதில் லைசோசோமின் பங்கு 90. மைட்டோகாண்ட்ரியாவின் பங்கு 3.3 மட்டுமே. ஒரு பகுதியின் விகிதம் ஒன்றைத் தாண்டியிருப்பதோடு மொத்தக் கை-வர்க்கத்தில் அதன் பங்கு பத்து விழுக்காட்டையாவது எட்டினால்தான் அங்கே குறியீடு விரும்பி அமைந்தது என்று கொள்ள வேண்டும் என்பது அவர்கள் வைத்த விதி. பத்து விழுக்காடு என்பது வசதிக்காக வைத்த எல்லை என்பதை அவர்களே மறைக்கவில்லை. ஆயினும் அதன்படி மைட்டோகாண்ட்ரியா தகுதி இழக்கிறது.

சவ்வுகளில் அமைந்த புரதங்களுக்குப் பரப்பு பொருந்தாது. சீவலில் கோடாகத் தெரியும் சவ்வின் நீளமே அவற்றின் வாய்ப்பிடம். கோடுகளாலான கட்டத்தைப் போட்டு வெட்டுகளை எண்ணி அந்த நீளத்தைக் கணிக்கலாம். பஃபோன் 1777-இல் எழுதிய ஊசிக் கணக்கின் வழித்தோன்றல் இது. பரப்பையும் நீளத்தையும் ஒரே அட்டவணையில் கலப்பதற்குத் தனி ஏற்பாடுகள் வேண்டும். அவை இன்றிக் கலந்த அட்டவணைக்குப் பொருளில்லை.

எதிர்பார்ப்பு என்பது பாடநூலிலிருந்து எடுக்கத்தக்கதல்ல, அளந்து பெற வேண்டியது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு; அது பொன்துகள் ஆய்வல்ல என்றாலும் எலெக்ட்ரான் நுண்ணோக்கி ஆய்வுதான். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கர், வி. ஐ. மாத்தன், மின்னி மாத்தன் ஆகியோர் வெப்பமண்டல ஸ்ப்ரூ என்னும் குடல்நோயை ஆராய்ந்தபோது, நோயாளிகளின் சிறுகுடற் படலத்தை மேலைநாட்டு நூல்கள் காட்டும் இயல்புக் குடலோடு ஒப்பிட்டு நிறுத்திக்கொள்ளவில்லை. தென்னிந்தியாவைச் சேர்ந்த, நோயற்றவர்களின் குடலையும் நுண்ணோக்கியில் ஆராய்ந்து 1975-இல் வெளியிட்டனர். நோயில்லாத தென்னிந்தியரின் குடற்படலமே குளிர்நாட்டவரின் குடற்படலத்திலிருந்து வேறுபட்டிருக்கும் என்பது அக்காலத்து வேலூர் ஆய்வுகளால் நிலைநாட்டப்பட்ட செய்தி. வேற்றுநாட்டு இயல்பை அளவுகோலாகக் கொண்டிருந்தால் நலமாக இருப்பவரும் நோயாளியாகியிருப்பார். பொன்துகள் ஆய்வில் இதற்கு நிகரானது கட்டுப்பாட்டுச் சீவல்: புரதத்தை நேரடியாகப் பற்றும் முதல் ஆன்டிபாடியைச் சேர்க்காமல் விட்ட சீவல், அல்லது அதைவிட மேலாக, அந்தப் புரதத்தை உருவாக்கும் மரபணுவே நீக்கப்பட்ட விலங்கின் சீவல். அதிலும் துகள்கள் விழத்தான் செய்யும்; அவையும் பகுதிவாரியாக எண்ணப்பட வேண்டும். கட்டுப்பாட்டுச் சீவலில் குறியீடு ஏதுமில்லை என்று ஒரு வரியில் எழுதிக் கடந்துபோவது எண்ணாமைக்கு இடப்பட்ட மரியாதையான பெயர்.

இனி, நிலவும் கருத்தின் இரண்டாம் பாதி. எண்ணிக்கை பெருகினால் சான்று பெருகும் என்பதற்கு அடிப்படையான கணிதக் கூற்று ஒன்று உண்டு: விகிதங்கள் மாறாமல் துகள்கள் மட்டும் பத்து மடங்கானால் கை-வர்க்கமும் பத்து மடங்காகும். மேற்கண்ட கணக்கில் 400-க்குப் பதில் 4,000 துகள்கள் இருந்தால் 98 என்பது 980 ஆகும்; மைட்டோகாண்ட்ரியாவின் 3.3-கூட 33 ஆகித் தலைநிமிரும். நான்கு பகுதிகள் கொண்ட அட்டவணைக்கு 5 விழுக்காட்டுச் சிறப்புகாண் மட்டத்தில் எல்லை 7.8 மட்டுமே ஆகையால், போதுமான அளவு எண்ணினால் எந்த அற்ப வேறுபாடும் எல்லையைத் தாண்டிவிடும். ஆனால் அந்தக் கூற்று ஒவ்வொரு துகளும் மற்றதைச் சாராமல் தனித்து விழுந்தது என்ற ஊகத்தின்மேல் நிற்கிறது. பொன்துகள்கள் அப்படி விழுவதில்லை. ஒரு முதல் ஆன்டிபாடியின் வெவ்வேறு இடங்களைப் பொன்துகள் தாங்கிய பல இரண்டாம் ஆன்டிபாடிகள் பற்றிக்கொள்ளும்போது ஒரே புரத மூலக்கூறு இரண்டு மூன்று துகள்களைச் சேர்த்துக்கொள்ளும். நன்றாகப் பதப்பட்ட செல் ஒட்டுமொத்தமாக அதிகத் துகள் பெறும், பதப்படாதது குறைவாகப் பெறும். ஒரே எலியின் செல்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். இவ்வாறு பிணைந்தவற்றைத் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணுவதைச் சூழலியலாளர் ஹர்ல்பெர்ட் 1984-இல் போலி மறுநிகழ்வு என்று சாடினார். அவர் அன்று பட்டியலிட்டுக் காட்டிய சூழலியல் கட்டுரைகளின் பிழையும் செல் படங்களின் பிழையும் ஒன்றே.

இழப்பு எவ்வளவு என்பதைக் கணக்கிட முடியும். 20 செல்களில் செல்லுக்கு 20 துகள் வீதம் 400 எண்ணப்பட்டு, ஒரே செல்லின் துகள்களுக்கிடையே உள்ள ஒற்றுமைக் கெழு 0.3 என்று கொண்டால், மாதிரி ஆய்வு நூல்கள் தரும் சூத்திரப்படி 1 + 19 × 0.3 = 6.7 என்னும் பெருக்கம் கிடைக்கிறது. 400 துகள்களின் மதிப்பு உண்மையில் 60 தனித்த துகள்களின் மதிப்பே. இத்தகைய தொகுப்பு மாதிரிகளுக்குக் கை-வர்க்கச் சோதனையைத் திருத்தும் வழியை இந்தியாவில் பிறந்து கனடாவில் பணியாற்றிய ஜே. என். கே. ராவும் ஏ. ஜே. ஸ்காட்டும் 1981-இல் வகுத்தளித்தனர். அதன் எளிய முதல்நிலை வடிவில் 98 என்பது 6.7-ஆல் வகுபட்டு ஏறத்தாழ 14.6 ஆகிறது; லைசோசோம் பற்றிய முடிவு பிழைத்துக்கொள்கிறது. கை-வர்க்கம் 30 என்று வந்திருந்தால் திருத்தத்துக்குப் பின் 4.5 ஆகி எல்லைக்குக் கீழே விழுந்திருக்கும். அந்த 20 செல்களும் இரண்டே எலிகளிலிருந்து வந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்; அப்போது எலி இனத்தைப் பற்றி எதையும் சொல்வதற்குச் சாட்சிகள் இருவர், 400 பேர் அல்லர்.

புள்ளிகள் எந்த உறுப்பில் என்ற கேள்வியிலிருந்து அவை தமக்குள் எவ்வாறு அமைந்திருக்கின்றன என்ற கேள்விக்கு நகரும்போது மயக்கம் மேலும் நுட்பமாகிறது. பிரையன் ரிப்லி 1970-களில் வகுத்த கே-சார்பு இதற்கான கருவி: ஒவ்வொரு துகளையும் மையமாகக் கொண்டு குறித்த ஆரத்தில் வட்டம் வரைந்து, அதற்குள் சராசரியாக எத்தனை பிற துகள்கள் உள்ளன என்று கண்டு, அதை ஒட்டுமொத்த அடர்த்தியால் வகுக்க வேண்டும். முழுச் சமவாய்ப்பில் விடை அந்த வட்டத்தின் பரப்பாகவே இருக்கும். மிகுந்தால் துகள்கள் கொத்துக்கொத்தாக உள்ளன, குறைந்தால் ஒன்றையொன்று விலக்குகின்றன என்று பொருள். ஆஸ்திரேலியாவில் ஹான்காக், பார்ட்டன் குழுவினர் செல்லின் மேற்சவ்வைத் தட்டையான தாளாக உரித்தெடுத்து, அதில் ராஸ் என்னும் புரதத்தின் பொன்துகள்களை இச்சார்பால் ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டது இத்துறையில் ஒரு திருப்பம். அங்கே படத்தின் சட்டத்துக்குள் இருப்பது முழுவதும் சவ்வே ஆகையால் துகள் எங்கும் விழலாம், ஊகம் பொருந்துகிறது. அதே சார்பை வெட்டிய செல் சீவலுக்கு அப்படியே எடுத்துச் செல்வோர்தான் தவறுகின்றனர்.

எடுத்துக்காட்டாக, சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தின் வரைபடத்தில் தேநீர்க்கடைகளைப் புள்ளிகளாகக் குறித்து, பகுதி முழுவதையும் ஒரு செவ்வகமாகக் கொண்டு கே-சார்பைக் கணித்தால், கடைகள் கொத்தாக இருக்கின்றன என்றே அது அறிவிக்கும். தெற்கே அடையாறும் அதன் கழிமுகக் கிளையும், 58 ஏக்கர் அளவில் சீரமைக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்காவும், மதில் சூழ்ந்த பெரிய வளாகங்களும் அந்தச் செவ்வகத்துக்குள் அடங்கும். அவற்றில் தேநீர்க்கடை இருக்கவே முடியாது. கடைகள் சாலையோரங்களில் எவ்வளவு பரவலாக அமைந்திருந்தாலும், தண்ணீரையும் சேர்த்து வகுத்த அடர்த்தியோடு ஒப்பிடும்போது நெருங்கி நிற்பதாகத்தான் தோன்றும். இதைக்கொண்டு தேநீர்க்கடைகள் ஒன்றையொன்று ஈர்க்கின்றன என்று யாரும் எழுதத் துணியமாட்டார்கள். செல் சீவலில் மட்டும் அவ்வாறு எழுதப்படுகிறது: பிசினும் வெற்றிடமும் கொழுப்புத் துளியும் அடங்கிய சட்டத்தில் கே-சார்பு உயர்ந்தவுடன் புரதங்கள் ஒன்றுகூடுகின்றன என்ற முடிவு வந்துவிடுகிறது. அடர்த்தி இடத்துக்கு இடம் மாறும் பரப்புகளுக்கென்று பேட்லி, மோலர், வாகெபீட்டர்சன் ஆகியோர் 2000-இல் இச்சார்பின் திருத்திய வடிவத்தைத் தந்தனர். திருத்தாத வடிவத்தைச் சீவலில் பயன்படுத்துவதற்கு அதன்பின் சாக்கு இல்லை.

முதலில் இடம் உண்டா என்று கேட்டபின் விருப்பம் உண்டா என்று கேட்கும் இந்த ஒழுங்கு சென்னைக்குப் புதிதன்று. ராஜா அண்ணாமலைபுரத்துக்கு ஆற்றின் எதிர்ப்புறம், கிண்டியில் இயங்கிய சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையை 1952 முதல் நடத்திய ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963-இல் வெளியிட்ட வரைபடம் இதையே புரதச் சங்கிலிக்குச் செய்தது. சங்கிலியின் இரு திருப்புக் கோணங்களில் எந்த இணைகள் அணுக்கள் ஒன்றோடொன்று மோதாமல் அமையக்கூடியவை என்று அது முதலில் வரையறுத்தது. உண்மைப் புரதங்களின் கோணங்கள் அனுமதிக்கப்பட்ட பகுதிகளுக்குள் எங்கே திரள்கின்றன என்பது அதன்பின் வந்த கேள்வி. பொன்துகள்களுக்கும் அனுமதிக்கப்படாத இடைவெளிகள் உண்டு. 10 நானோமீட்டர் விட்டமுள்ள இரு துகள்களின் மையங்கள் 10 நானோமீட்டருக்குக் குறைவாக நெருங்க முடியாது. இரண்டு ஆன்டிபாடிகளாலான பாலத்தின் நீளத்தால் துகள் தன் புரதத்திலிருந்து ஏறத்தாழ 20 நானோமீட்டர் வரை விலகி நிற்கலாம். ஆகவே அந்தத் தொலைவுக்குள் காணப்படும் எந்தக் கொத்தும் எந்த விலக்கமும் செல்லைப் பற்றிய செய்தியாகும் முன் வினைப்பொருளைப் பற்றிய செய்தியா என்று விசாரிக்கப்பட வேண்டும்.

சட்டத்தின் விளிம்பைப் பற்றியும் இந்தியாவில் ஒரு பழைய வழக்கு உண்டு. 1940-களில் பயிர் விளைச்சலைக் கணிக்கப் புள்ளியியலாளர் மகலனோபிஸ் சிறிய வட்ட வெட்டுகளை விரும்பினார், பி. வி. சுகாத்மே சிறிய வெட்டுகள் விளைச்சலை மிகைப்படுத்திக் காட்டுகின்றன என்று வாதிட்டுப் பெரிய பாத்திகளைக் கோரினார். விளிம்பில் நிற்கும் கதிரை உள்ளே சேர்க்கும் மனப்போக்கு அறுப்பவரிடம் உண்டு. வெட்டு சிறுக்கச் சிறுக்க அதன் பரப்போடு ஒப்பிட விளிம்பு நீளும், பிழையும் வளரும். மகலனோபிஸ் பிழைகளைப் பற்றி அறியாதவர் அல்லர்; வெவ்வேறு குழுக்கள் தனித்தனியே திரட்டும் ஊடுபாவு மாதிரிகளைக் கொண்டு களப்பணியாளரின் பிழையை அளக்கும் முறையே அவருடையதுதான். நுண்ணோக்கிப் படத்தின் சட்டமும் அத்தகைய சிறு பாத்தியே. டென்மார்க்கின் குண்டர்சென் 1977-இல் அதற்கு எளிய தீர்வு தந்தார்: சட்டத்தின் இரண்டு விளிம்புகளைத் தொடுவதைச் சேர்க்கலாம், மற்ற இரண்டைத் தொடுவதைச் சேர்க்கக்கூடாது. (கனஅளவில் துகள்களை எண்ணும் இணைச்சீவல் முறை 1984-இல் டி. சி. ஸ்டெரியோ என்ற பெயரில் வெளிவந்தது; அப்படி ஒருவர் இல்லை, அது டைசெக்டர் என்ற அம்முறையின் பெயரையே எழுத்து மாற்றி அமைத்த புனைபெயர். கண்டிப்பான துறைக்கும் விளையாட்டு உண்டு.)

இவற்றுக்கெல்லாம் நேரமில்லை, பயின்ற கண்ணுக்கு ஒரு நல்ல படம் போதும் என்பது வழக்கமான எதிர்வாதம். பயின்ற கண்ணுக்கு உறுப்பை இனங்காணும் திறன் உண்டு. எந்தப் படத்தை எடுப்பது என்பதில் அது நடுநிலையற்றது. துகள்கள் அழகாகத் திரண்டிருக்கும் இடத்தில்தான் கை கருவியை நிறுத்தும், அந்தப் படமே பின்னர் பிரதிநிதிப் படம் என்ற பெயரோடு அச்சேறும். தொடக்க இடத்தைச் சமவாய்ப்பில் தேர்ந்து, அங்கிருந்து சம இடைவெளியில் நகர்ந்து, நின்ற இடத்தையெல்லாம் படமெடுத்தால் இந்த ஒருதலைச்சார்பு ஒழிகிறது. நேரத்தைப் பொறுத்தவரை வாதம் தலைகீழானது. குண்டர்சென்னும் ஆஸ்டர்பியும் 1981-இல் காட்டியபடி, இத்தகைய அளவீடுகளின் மாறுபாட்டில் பெரும்பங்கு விலங்குக்கு விலங்கு உள்ள வேறுபாட்டிலிருந்தே வருகிறது. ஒரே படத்தை மேலும் மேலும் நுணுகி அளப்பதால் அது குறைவதில்லை. விலங்குக்கு நூறு முதல் இருநூறு வரை எண்ணி, விலங்குகளைக் கூட்டினால் போதும். ஒரே செல்லில் 5,000 துகள் எண்ணுபவர்தான் காலத்தை வீணாக்குகிறார்.

கடைசியாக வரும் வாதம், எண்ணும் வேலையை இனி மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்பது. ஆழ்கற்றல் வழியே பொன்துகள்களைக் கண்டறியும் நிரல்கள் வந்துவிட்டன. ஒரு மாலையில் லட்சம் துகள்களை அவை எண்ணிக்கொடுக்கும். சார்ந்த துகள்களைத் தனித்தவையாகக் கருதும் பிழையை அவை குறைப்பதில்லை, இலக்கங்களைக் கூட்டி அதற்கு மெருகேற்றுகின்றன. அத்தோடு ஒரு புதுப் பிழையையும் கொண்டுவருகின்றன: யுரேனியச் சாயமும் ஈயச் சாயமும் ஏறிக் கறுத்திருக்கும் உறுப்பின்மேல் பொன்துகளைத் தவறவிடுவதும் சாயத்தின் படிவைத் துகளாகக் கொள்வதும், வெளிறிய செல்நீர்மத்தில் நிகழ்வதைவிட மிகுதியாக நிகழக்கூடும். அப்போது கண்டறியும் பிழையே உறுப்புக்கு உறுப்பு மாறுகிறது. சார்புக் குறியீட்டெண்ணின் மேற்பகுதியில் அது நேராகப் புகுந்துவிடுகிறது. ஆகவே இத்தகைய நிரல் ஒட்டுமொத்தமாக எத்தனை விழுக்காடு துகள்களைச் சரியாகப் பிடிக்கிறது என்ற ஒற்றை எண் ஆய்வாளருக்கு உதவாது. ஒவ்வொரு உறுப்பின்மேலும் தனித்தனியே, கையால் எண்ணிய மாதிரியோடு ஒத்துப்பார்த்த பிழைவிகிதம் கிடைக்கும் வரை, லைசோசோமின் நான்கு மடங்கு புரதத்தினுடையதா சாயத்தினுடையதா என்று அதன் வெளியீட்டைக்கொண்டு சொல்ல இயலாது.